பெரிய அடுப்பில் பூனை தூங்கிய மார்கழி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் தொடங்கி வெந்நீரில் போய் நிற்கும். போன மாதம் ஒரு கல்யாண வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரர், அமெரிக்காவில் தம் பேரன் வீட்டுக் குழாய் உறைந்து வெடித்த கதையைச் சொன்னார். கூடத்தில் தனியாக ஒரு விறகடுப்பு வைத்துக் குளிர் காய்ந்தார்களாம். கூடம் கதகதப்பாகிவிட்டதால் வீடு முழுவதையும் சூடாக்கும் இயந்திரம் தன் பாட்டுக்கு நின்றுவிட்டதாம். பின்கட்டுக் குழாயை யாரும் நினைக்கவில்லை, அது உறைந்து பிளந்துவிட்டதாம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் மட்டும், "இதெல்லாம் எங்கள் புத்தூரிலேயே நடந்ததுதான். உறைந்த குழாயை உருக்கியதே எங்கள் அம்மாதான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. புத்தூர் வெயிலில் குழாய் உறைந்ததா என்று ஒரு அம்மாள் சிரித்த சிரிப்பில் அவள் பல்செட்டே கழன்றிருக்கும். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்டு சாப்பிட்டால் எனக்குச் செரிக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

உறைந்தது தண்ணீர் இல்லை, இலுப்பை எண்ணெய்.

ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்ட காலம். எல்லைதான் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் ஊர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். புத்தூரின் ஓரத்தில், திருப்பதி ரோட்டில், துணி துவைக்கும் சோப்பு காய்ச்சுகிற பட்டறை ஒன்று இருந்தது. அம்மா அங்கே வேலை பார்த்தாள். நைனா எனக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துபோனார். காலி டின்கள் அடுக்கி வைக்கிற அறையில் பாதியை முதலாளி எங்களுக்கு விட்டிருந்தார். மீதிப் பாதியில் டின்களும் எலிகளும் குடியிருந்தன.

அந்த வேலை போனால் திருத்தணிப் பக்கம் மாமா வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு வருஷம் இருந்திருக்கிறோம். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அம்மா அந்த வீட்டில் விடிவதற்கு முன் எழுந்து எல்லோரும் படுத்தபின் படுத்தாள். என் கையில் சிலேட்டுக்குப் பதிலாக அத்தையின் கைக்குழந்தை இருந்தது. புத்தூருக்கு வந்தபிறகுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். இது நடந்தபோது நான்காம் வகுப்பு. ஆகவே அம்மாவின் வேலை என்பது என் சிலேட்டும்தான். அது எனக்கே தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பட்டறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடியில் பெரிய அடுப்பு, அதன் மேல், வயிறு அடுப்பைத் தாண்டிப் பிதுங்கி நிற்க, நாலு பேர் உள்ளே இறங்கி உட்காரலாம் போல ஒரு கொப்பரை. மறு கோடியில் எண்ணெய்த் தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் வெளியே வந்து, வெயிலே படாத வடக்குச் சுவரை ஒட்டி ஓடி, கொப்பரைக்கு மேல் உள்ளே நுழையும். அங்கே ஒரு திருகு. குழாய் சும்மா ஓடவில்லை. பெரிய அடுப்பின் புகை வெளியேற, குழாயின் அடியிலேயே செங்கல்லால் ஒரு வாய்க்கால் கட்டியிருந்தார்கள். புகை அந்த வாய்க்கால் வழியாகத் தொட்டி வரைக்கும் போய் அங்கேயுள்ள புகைபோக்கியில் மேலேறும். அடுப்பு எரிந்தால் கொப்பரை கொதிக்கும், குழாய் சுடும், தொட்டி இளகும். கட்டிய கொத்தனார் புத்திசாலி. ஆனால் எதற்காக அப்படிக் கட்டினார் என்பதை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

அம்மா கொப்பரை ஓரத்தில் நின்று நீளத் துடுப்பால் கிண்டுவாள். சோப்பில் காரம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. அம்மாவின் நாக்குதான் கருவி. ஒரு துளியைக் குச்சியில் எடுத்து ஆறவைத்து நாக்கு நுனியில் வைப்பாள். சுர்ரென்று கடித்தால் இன்னும் எண்ணெய் வேண்டும். வழவழவென்று அடங்கினால் பதம். மேஸ்திரிக்கு இருபது வருஷ அனுபவம், ஆனால் அவர் நாக்கு வெற்றிலைக்கும் புகையிலைக்கும் போய்விட்டது. அதனால் கடைசியில் எல்லோரும் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். காரம் தின்ற நாக்கு என்பதால் அவளுக்கு உப்பு உறைக்காது. எங்கள் வீட்டு ரசத்தில் எப்போதும் ஒரு கை உப்பு கூடுதல். இன்றைக்கும் எனக்கு அந்த உப்பு வேண்டும். டாக்டர் திட்டுகிறார், திட்டட்டும்.

இவ்வளவு செய்கிறவள் ஒன்று மட்டும் செய்யக்கூடாது. பெரிய அடுப்புக்கு முதல் தீ வைக்கக்கூடாது. விடியற்காலை முதலாளி குளித்து, அடுப்பு வாயில் கற்பூரம் காட்டி, தம் கையால் ஒரு தீக்குச்சி கிழிப்பார். தீப்பெட்டி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். விறகை அடுக்கிவைத்து, சுள்ளியைச் செருகி, எல்லாம் தயார் செய்கிறவள் அம்மா. குச்சி கிழிக்கும் நேரத்துக்கு அவள் மட்டும் வெளியே போய் நிற்பாள். தாலியறுத்தவள் என்பதால். தீ பிடித்தபின் உள்ளே வந்து நாளெல்லாம் அதோடு வேகலாம், அதற்குத் தடையில்லை. அப்போது எனக்கு இது கோபமாகக்கூடப் படவில்லை. மழை வந்தால் ஒதுங்குவது போல ஒரு வழக்கம் என்றுதான் நினைத்தேன்.

அந்த மார்கழித் தொடக்கத்தில், கொப்பரையில் சோப்பு பாதி வெந்திருக்கும்போது, திருத்தணியிலிருந்து ஆள் வந்தது. முதலாளியின் சித்தப்பா இறந்துவிட்டார். பத்து நாள் தீட்டு. பதினோராம் நாள் ஐயர் வந்து புண்ணியாதானம் செய்யும்வரை பெரிய அடுப்புக்குத் தீ கிடையாது.

கொப்பரையில் இருந்ததோ போகிக்குத் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் வண்டி ஏறவேண்டிய சோப்பு. காரம் முழுக்கச் சேர்த்தாகிவிட்டது, எண்ணெய் பாதிதான் சேர்ந்திருந்தது. அப்படியே ஆறவிட்டால் கையைக் கடிக்கிற கல்லாகிவிடும். முதலாளி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தவித்தார். அப்போதுதான் மேஸ்திரி யோசனை சொன்னார்.

"மரத்தூள் அடுப்பு மூணு வாங்கியாந்து கொப்பரை வயித்துக்கு அடியில, வெளிய வச்சிட்டா போவுது மொதலாளி. அது பட்டறை அடுப்பு இல்ல. வெந்நீர் வெக்கிற அடுப்பு. தீட்டு அதுக்கு ஏது?"

முதலாளி யோசித்தார். "அதுக்கு நான் பத்த வெக்கணுமா?"

"யார் பத்த வச்சா இன்னா? அந்தம்மாவே பத்த வெக்கலாம்."

அப்படியாக, முக்கியமில்லாத தீ என்பதால் அம்மாவின் கைக்குத் தீக்குச்சி வந்தது. முதலாளி மன நிம்மதியோடு ரயிலேறினார்.

மரத்தூள் அடுப்பை நம்மில் பலர் மறந்திருப்போம். பழைய டின், அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்து அடைக்கவேண்டும். கட்டையை மெதுவாகத் திருகி உருவினால் நடுவில் ஒரு குகை நிற்கும். தீ அந்தக் குகைக்குள் உட்கார்ந்து அரை நாள் எரியும். புகை குறைவு, சத்தம் இல்லை. தூளை அடைக்கிற வேலை என்னுடையது. கட்டையை உருவும்போது தூள் சரியாமல் நிற்கவேண்டும், அதில் எனக்கு இணை அந்தப் பட்டறையிலேயே யாரும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். தேக்குத் தூளின் வாசனையும் இலுப்பை எண்ணெயின் கசப்பு வாசனையும் சேர்ந்து பட்டறை முழுக்கக் கதகதவென்றிருந்தது. மேஸ்திரி அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "எப்டி ஐடியா?" என்று வருகிறவனிடமெல்லாம் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை. அம்மா துளியை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் கடிக்கிது. எண்ணெ உடணும்" என்றாள். மேஸ்திரி திருகைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முழுக்கத் திறந்தார். குழாய் வாயில் வெள்ளையாக ஒரு கட்டி மட்டும் நின்றது.

"தொட்டி காலியா?"

தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மேலே ஏடு கட்டியிருந்தாலும் கட்டையை விட்டால் உள்ளே இறங்கியது. எண்ணெய் இருந்தது, வரத்தான் இல்லை. மேஸ்திரியின் முகம் சுருங்கிவிட்டது. "எவ்ளோ வருசமா நடக்கிற பட்டறை. இப்டி ஒரு நாளும் ஆவலியே" என்றவர், அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "கை ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல."

மாமா வீட்டுக் கைக்குழந்தை என் இடுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது மாதிரியே இருந்தது.

அம்மா பெரிய அடுப்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, சாம்பலின் மேல், பட்டறைப் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து சாம்பலுக்குள் கைவிட்டாள். பிறகு வெளியே போய் வடக்குச் சுவரோரம் செங்கல் வாய்க்காலைத் தொட்டாள், குழாயைத் தொட்டாள். திரும்பி வந்து சொன்னாள்.

"மேஸ்திரிண்ணா, நம்ப கொப்பரைக்கு மட்டும் சூடு வச்சோம். கொழாய்க்கு யாரு வச்சாங்க? பெரிய அடுப்பு எரிஞ்சாத்தானே வாய்க்கால்ல சூடு போவும். இங்க கதகதன்னு இருந்ததால அது செத்துக் கெடக்கிறது நமக்குத் தெரியல."

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. ஒரு கம்பில் துணியைச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்திக்கொண்டு, குழாயின் நடுப்பகுதிக்கு நேராகப் போனார். அம்மா குறுக்கே போய் நின்றாள். முதலாளிக்கு அடுத்த ஆள் அவர். அவருக்குக் குறுக்கே யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

"நடுவுல காச்சாதீங்க. ரெண்டு பக்கமும் கட்டி நிக்குது. நடுவுல உருகினது எங்க போவும்? வெடிச்சிக்கினு மூஞ்சில அடிக்கும்."

"உனுக்கு யாரு சொன்னாங்க?"

"என் பொண்ணு சொன்னா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரத்துக்கு முன், தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டதென்று, தக்கையைக்கூட எடுக்காமல் பாட்டிலைத் தணல் பக்கம் வைத்து வெடிக்க வைத்தவள் நான். அதற்கு முதுகில் இரண்டு வாங்கியிருந்தேன். அந்த அசட்டுத்தனம் இப்போது சாட்சியாகப் பேசியது. மேஸ்திரி இன்னும் பந்தத்தைக் கீழே போடாமல் நின்றார். அம்மா சொன்னாள்: "எலும்பு முறிஞ்சா கட்டறதுக்கு நம்ப ஊர்ல ஆளு கீது. வெந்து போனா எங்கண்ணா போறது?"

எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்க்காரனிடம் இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? மேஸ்திரி சிரித்துவிட்டார். பந்தம் மண்ணில் அணைந்தது.

திருகைத் திறந்தே வைத்தாள் அம்மா. கொதிக்கிற வெந்நீரில் கோணித்துணியை முக்கி, பிழிந்து, குழாய் வாயிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு முழம் இளகி வழிந்தபின் அடுத்த முழம். வாய்ப்பக்கம் வழி திறந்தபின் உள்ளே போகவேண்டும் என்பது அவள் கணக்கு. நான் வெந்நீர் சுமந்தேன், மேஸ்திரி துணி பிழிந்தார். கை வெந்து சிவந்தது. உச்சிப்பொழுதுக்குக் குழாய் ஒரு தடவை கொடகொடவென்று இருமியது. பிறகு மஞ்சளாக, கனமாக, எண்ணெய் கொப்பரையில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் பூனை அடுப்பிலிருந்து எழுந்து ஓடிவிட்டது.

அதோடு அம்மா விடவில்லை. குழாய் நெடுக வைக்கோல் பிரி சுற்றி, மேலே கோணி வைத்துத் தைத்தாள். மூன்று மரத்தூள் அடுப்புகளில் ஒன்றைக் கொப்பரையடியிலிருந்து நகர்த்தி, வாய்க்காலின் முகப்பில் வைத்தாள். திருகை இறுக மூடாமல், எண்ணெய் துளித்துளியாகச் சொட்டும்படி விட்டு, கீழே ஒரு டின்னை வைத்தாள். "நவுந்துக்கினே இருந்தா ஒறையாது. நின்னாத்தான் ஒறையும்" என்றாள். டின் நிறைந்தால் கொப்பரையில் ஊற்றுவது என் பொறுப்பு. டொக், டொக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன். ஏழு நாள் குழாய் உறையவில்லை. ஒரே ஒரு நாள்கூட.

பத்தாம் நாள் சாயங்காலம் முதலாளி வந்தார். மொட்டைத் தலை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நேரே கொப்பரைப் பக்கம் வந்தவர், சொட்டுகிற குழாயைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயய்யோ! எண்ணெ இப்டிச் சொட்டுனா லட்சுமி வீட்ட உட்டுப் போறான்னு அர்த்தம். ஒரு சாவு விழுந்தது போதாதா?"

திருகை இறுக்கி மூடினார். குழாய் வாயில் துணியைத் திணித்தார். பிறகு வாய்க்கால் முகப்பில் அடுப்பைப் பார்த்தார். பெரிய அடுப்பின் வழியில் அவர் தீட்டு கழியாமல் இன்னொரு தீ, அதுவும் வைத்தவள் அம்மா. காலால் அதைத் தள்ளி அணைத்தார்.

"யாரக் கேட்டு இங்க வச்சே?"

அம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"கொழாய் ஒறஞ்சிட்டுது மொதலாளி. அதான்."

"இத்தினி வருசம் ஒறையாத கொழாய்! வத்தும்மா, நீ இங்க வேணாம். இந்தக் கொப்பரை எறங்கினதும் நீ உன் அண்ணன் ஊட்டுக்குப் போய்க்கோ."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அப்போது நான் அவரை அரக்கன் என்று நினைத்தேன். வளர்த்த சித்தப்பாவைக் கொளுத்திவிட்டு வந்த மனிதனுக்கு எதைக் கண்டாலும் பயமாக இருந்திருக்கும் என்று புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆனது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "செரி மொதலாளி. நாளைக்கிக் கடைசி எண்ணெ உடணும். விடிஞ்சதும் நீங்களே வந்து தொறங்க. வந்துச்சின்னா, அப்பவே பொண்ணக் கூட்டிக்கினு கெளம்பறேன்."

எவ்வளவு தைரியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் துளிக்கூடப் பயப்படவில்லை என்று நம்பியே தூங்கிப்போனேன். காலையில் கண் விழித்தபோது எங்கள் துணிகள் மூட்டை கட்டிக் கதவோரம் இருந்தன. மேலாக என் சிலேட்டு, விரிசல் விடாதபடி அவளுடைய ஒரே நல்ல புடவையில் சுற்றப்பட்டிருந்தது.

பட்டறையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலாளி துணியைப் பிடுங்கிவிட்டுத் திருகைத் திறந்தார். வரவில்லை. இன்னும் திருகினார். இரண்டு கையாலும் திருகினார். வெள்ளைக் கட்டி ஒன்று நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. அவர் வெளியே போய்க் கோணியைப் பிரித்துக் குழாயைத் தொட்டார். அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அப்போதுதான் மேஸ்திரிக்கு வாய் வந்தது. "அந்தம்மா சொன்னதுதான் மொதலாளி நெசம். ஏழு நாளும் அவங்கதான் காப்பாத்தனாங்க. நேத்தே நான் சொல்லியிருக்கணும்."

முதலாளி உள்ளே வந்து, முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இப்ப இன்னாம்மா செய்யறது?"

அம்மா துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சுர்ருங்குது. உச்சிக்குள்ள எண்ணெ சேரலேன்னா மொத்தமும் கல்லாயிடும். துணி போட்டு ஒத்துனா நேரம் பத்தாது. பெரிய அடுப்ப மூட்டிட்டு, கொழாயைத் தொறந்து வச்சா, இந்தப் பக்கத்துலேர்ந்தே இளகிக்கினு போவும். ஒரு மணி நேரம் போதும்."

ஐயர் மத்தியான ரயிலுக்குத்தான் திருப்பதியிலிருந்து வருவார். புண்ணியாதானம் ஆகாமல் முதலாளி தீ வைக்கக்கூடாது. அம்மா வழக்கம்போல விறகை அடுக்கினாள், சுள்ளியைச் செருகினாள். வழக்கம்போலவே எழுந்து வாசலை நோக்கி நடந்தாள், தீ வைக்கப்போவது யாராக இருந்தாலும் தான் இல்லை என்று.

"நில்லும்மா" என்றார் முதலாளி. சாமி படத்தின் பின்னால் இருந்த தீப்பெட்டியை அவர் தொடவில்லை. மேஸ்திரியை எடுத்துவரச் சொல்லி, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "தீட்டு எனக்குத்தான். உனக்கு இல்ல. நீ பத்த வை."

அம்மா திரும்பி வந்து அடுப்பு வாயில் குந்தினாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பிடித்தது. சுள்ளி சடசடத்ததும் உள்ளே மறுபடி தூங்கப் போயிருந்த பூனை சாம்பலை வாரியிறைத்துக்கொண்டு முதலாளியின் கால் நடுவில் பாய்ந்து ஓடியது. சாவு வீட்டிலிருந்து வந்த அந்த மனிதர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எண்ணெய் வந்துவிட்டது. உச்சிக்கு முன் அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். போகிக்கு முந்தின வாரம் இரண்டு வண்டி சோப்பு திருப்பதிக்குப் போனது, ஒரு வண்டி காளஹஸ்திக்கு. எண்ணெய் வந்த அன்றே மூட்டையைப் பிரித்துச் சிலேட்டை எடுத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எங்கள் அம்மா பெரிய அடுப்புக்கு முதல் தீ வைத்தாள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வாத்தியாருக்குப் புரிந்தது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. ஐயர் வந்து போயாகிவிட்டது, தீட்டு கழிந்துவிட்டது. முதலாளி குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கற்பூரத் தட்டோடு வந்தார். குழாய் வாயில் டொக், டொக் என்று எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மூடவில்லை. அம்மா விறகை அடுக்கி முடித்து, மடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு வெளியே போகத் திரும்பினாள். அவர் அதை வாங்கவில்லை. கற்பூரத்தை அடுப்பு வாயில் வைத்துவிட்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"பத்த வைம்மா. நேரமாவுது" என்றார்.